புளியமரத்தடியில் செருப்பு

அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை
22.2.2025

நந்தினிக்கு,

வடாற்காடு ரெண்டாப் பிரிஞ்சு நம்ம ஊரு தனி மாவட்டம் ஆச்சே, அந்த வருஷம் நீ பொறந்தே. அந்த வருஷம்தான் ஏரி நெறஞ்சு வழிஞ்சு கோடி போச்சு. மீன் குத்தகை யாருக்குன்னு மேலத்தெருவும் கீழத்தெருவும் கட்டையைத் தூக்கினதும் அந்த வருஷம்தான். உன் சித்தப்பன் திருமலை செத்ததும் அதே வருஷம். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா எது எப்ப நடந்துச்சுன்னு எவனும் எனக்குச் சொல்லித்தர வேணாம்.

இதை எழுதறது உன் அண்ணி சரசு. திட்டினா திட்டினதை அப்படியே எழுதணும்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சிருக்கேன். நீ அந்தக் கீழத்தெரு ராமன் வீட்டுக்கு மருமகளாப் போன அன்னிக்கு, இனிமே உன்கிட்ட வாயால பேசமாட்டேன்னு சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு நீ வந்து நின்னப்பகூட மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். சொன்னது சொன்னதுதான். இதுல என் வாய் இல்ல, சரசு கைதான் இருக்கு.

விஷயத்துக்கு வரேன். சக்கரை முத்திப்போயி முட்டிக்குக் கீழ காலை எடுத்தப்புறம் கட்டில்லயே கிடக்கறேன். மலையைச் சுத்தாம ஒரு பௌர்ணமி இருந்ததில்ல நான். இப்ப ஜன்னல்ல தெரியற துண்டு மலையைப் பாத்துக்கிட்டுக் கிடக்கறேன். சரசுதான் அவ போனைக் கையில கொடுத்து, "மாமா, இதைப் பாருங்க, நம்ம மலை, நந்தினி கம்பெனி பண்ண ஆட்டம்"னா. தூக்கி எறியலாம்னு பாத்தேன். பாத்தா, நம்ம வழி. ஏரிக்கரை வளைவு அப்படியே இருக்கு. ரோடு அகலம் பண்றோம்னு வெட்டிப்போட்ட புளியமரம்கூட இருக்கு. படிக்க ஒரு எழுத்து இல்ல. கட்டைவிரலைத் தள்ளினா ஆளு நடக்கறான். அவனுக்கு ரெண்டு காலும் இருக்கு.

நடந்தேன். தெனம் நடந்தேன். கீழ்பென்னாத்தூர்லேருந்து ரேவதின்னு ஒரு பொம்பளை ஆட்டத்துல கூட வரும். மாவு மிஷின் வெச்சிருக்குது, அந்தச் சத்தத்தோடவே பேசும். "பெரியப்பா, இன்னா ஸ்பீடா போறீங்க"ன்னு கேக்கும். காலு போனவனைப் பாத்து! எனக்குச் சிரிப்பு வரும்.

செருப்பு சட்டத்தையும் பாத்தேன். புளியமரத்தடியில செருப்பை விட்டவனை யாரும் அடிக்க முடியாது, அவனும் அடிக்க முடியாது. முள்ளுக்காட்டுல, ஏரிக்குள்ள மூலிகை பறிக்கணும்னா செருப்பு வேணும், அங்கதான் அது ஜாஸ்தி. செருப்புப் போட்டவனும் போட்டவனும் அடிச்சுக்கலாம், ஜெயிச்சவனுக்குத் தோத்தவன் மூட்டை. இது அந்த மீன் குத்தகைச் சண்டையில கண்ணாயிரம் பெரியவரு ரெண்டு தெருவையும் உக்கார வெச்சுச் சொன்ன சட்டம். நான் உனக்குச் சொன்னது. கேக்காம எடுத்துக்கிட்டே. போகட்டும்.

ஆனா நேத்து இன்னா ஆச்சு தெரியுமா? செருப்பைப் போட்டுக்கிட்டு ஏரிக்குள்ள எறங்கினேன். ஒருத்தன் வெறுங்காலோட வந்தான். "தாத்தா, வழி எங்க போவுது?"ன்னான். வெறுங்காலாச்சேன்னு நம்பி, திரும்பி வழி காட்டினேன். அந்தக் கண் மூடித் தொறக்கறதுக்குள்ள மூட்டையிலேருந்து செருப்பை எடுத்து மாட்டி, முதுகுல ஒரே போடு. நான் கீழ கிடக்கறேன். "மச்சான், ஒரு தாத்தா மாட்டினாரு"ன்னு சிரிக்கறான். பத்து நாளாச் சேத்த மூலிகை போச்சு. ரேவதிக்கும் இதே கதை. அது இப்ப வர்றதே இல்ல.

அதுவும் அந்த வளைவுல. திருமலை விழுந்த அதே வளைவுல.

கட்டையை எல்லாம் எடு. ஒருத்தனும் ஒருத்தனை அடிக்கக் கூடாது. எனக்கு நடக்கறதுக்கு இருக்கற ஒரே வழி அதுதான். அதையும் கெடுத்துடாதே.

கைநாட்டு,
சடையன்

*

பெங்களூரு
5.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறு வருஷம் கழிச்சு உங்ககிட்டேருந்து ஒரு காகிதம். உறையில அண்ணி கையெழுத்தைப் பாத்ததும் என்ன ஆச்சோன்னு பயந்துட்டேன். பிரிச்சா திட்டு. நிம்மதியா இருந்துச்சு. ரெண்டாவது தடவை படிச்சப்பதான் கோபம் வந்தது. அண்ணி, நானும் சொல்றேன், இதை ஒரு வரி விடாம அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுங்க.

கட்டையை எடுன்னு சொல்றீங்க. முதல்ல நான் செஞ்ச மலையில கட்டையே இல்லைப்பா. அழகான மலை. ஜனங்க வந்தாங்க, ஒரு சுத்து சுத்தினாங்க, "நல்லா இருக்கு"ன்னு சொன்னாங்க, போயிட்டாங்க. ஒருத்தரும் திரும்ப வரல. பயம் இல்லாத இடத்துல யாரும் யார்கூடவும் சேந்து நடக்கறதில்ல. முள்ளுக்காட்டுல ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் நாலு பேர் கூட்டாப் போக ஆரம்பிச்சாங்க. உங்க ரேவதி உங்ககூட வந்ததும் அதனாலதான், உங்க மூஞ்சிக்காக இல்ல.

கட்டையை மட்டும் வெச்சிருந்தா நடக்கறவங்க ஓடிடுவாங்க. எடுத்துட்டா சண்டைக்காரங்க ஓடிடுவாங்க. ரெண்டு பேரும் வேணும். அதுக்குத்தான் செருப்பு. நடந்தா போதும்கறவங்களுக்கு வழி. எதையாவது தேடி எறங்கணும்கறவங்களுக்கு ஏரி. எங்க நிக்கறதுன்னு அவங்கவங்களே முடிவு பண்ணட்டும்.

அந்த முடிவை நீங்க எனக்கு விட்டதே இல்லை. கீழத்தெரு வழியாப் போகாதே, ஏரிக்கரைப் பக்கம் போகாதே, சைக்கிள் வேணாம், டவுன் லைப்ரரி வேணாம். நான் பிறந்ததுக்கு முந்தியோ பிந்தியோ நடந்த ஒரு சண்டைக்காக, எனக்கு வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல ஒரே ஒரு தெருதான் இருந்தது. மலையடிவாரத்துல பிறந்து, தனியா ஒரு தடவை அதைச் சுத்தினதில்ல நான். அதான் ஆட்டத்துல வரைஞ்சேன்.

உங்களுக்கு ஒண்ணு செய்ய முடியும். தனியா ஒரு மலை தரேன். சண்டைக்காரங்க யாரும் உள்ள வர முடியாது. நிம்மதியா நடங்க.

மருந்தை விடாதீங்க. அண்ணிகிட்ட சண்டை போடாதீங்க.

மகள்,
நந்தினி

*

அடி அண்ணாமலை
14.3.2025

நந்தினிக்கு,

எனக்குத் தனி மலையா? ஆளே இல்லாத மலையை நான் எதுக்குடி சுத்தணும்? பேய்தான் அப்படிச் சுத்தும். நீ சொன்னேன்னு சரசு அதைப் போட்டுக் காட்டினா. மரம் இருக்கு, கோபுரம் இருக்கு, ஒரு குரல் இல்ல. மிஷின் சத்தம்கூட இல்ல. ஒரு சுத்து முடியறதுக்குள்ள போனைக் கவுத்துட்டேன்.

உன்னை வீட்டுல வெச்சேன்னு குத்திக் காட்டறே. அந்த வளைவுல தம்பியைத் தூக்கினவன் பொண்ணை அதே வழியில அனுப்புவானா? கேக்கறேன், சொல்லு.

இன்னொண்ணும் கேக்கறேன். செருப்பை மூட்டையில வெச்சுக்கிட்டு வெறுங்காலுன்னு ஏமாத்தற புத்தி உனக்கு எங்கேருந்து வந்துச்சு? நான் சொன்ன சட்டத்துல அது இல்லவே இல்ல. கழட்டினது கழட்டினதுதான், மறுபடி வேணும்னா மரத்தடிக்குத்தான் வரணும். நீ ஏன் மூட்டையில வெக்க விட்டே? அது கீழத்தெரு புத்தி. திருமலை வெறுங்காலோட நின்னப்ப அடிச்ச கூட்டத்து புத்தி. ராமன் வீட்டுச் சோத்தைத் தின்னு அதுவும் உனக்கு ஒட்டிக்கிச்சு.

(நந்தினி, இந்த வரியை எழுத மாட்டேன்னு சொன்னேன். மாமா ரெண்டு வேளை சாப்பிடல. எழுதிட்டேன். மன்னிச்சுக்கோ. – சரசு)

கைநாட்டு,
சடையன்

*

பெங்களூரு
27.3.2025

அப்பாவுக்கு,

அன்புள்ளன்னு போட இந்தத் தடவை மனசு வரல.

உங்க காகிதத்தை மேஜை மேல விட்டுட்டு ஆபீஸ் போயிட்டேன். சாயந்திரம் வந்தா, மாமா கையில அது இருந்துச்சு. அவர்தான் ராமன், உங்களுக்குத் தெரியாதா என்ன. என் புருஷன் மாறன் பயந்து மூலையில நிக்கறான். அவங்கப்பா கத்துவார்னு நினைச்சான். மாமா கத்தல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "உங்கப்பா ஒண்ணு சரியாத்தாம்மா சொல்லியிருக்காரு, மூட்டையில செருப்பை வெக்கவிட்டது உன் தப்பு"ன்னார்.

என் தப்புதான். அவசரத்துல, செருப்பையும் மத்த சாமான் மாதிரி மூட்டையில போடற மாதிரி வெச்சுட்டேன். ஒரே வாரத்துல ஆடறவங்க அதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. அது எந்தத் தெரு புத்தியும் இல்லப்பா. சட்டம்னு ஒண்ணு இருந்தா, அதை இடுப்புல சொருகிக்கிட்டு வர்றவன் ஒருத்தன் இருப்பான்.

"அன்னிக்கு அப்படித்தான் நடந்துச்சு"ன்னார் மாமா. என்னிக்குன்னு கேட்டேன். அப்புறம்தான் சொன்னார். அவர் செருப்புப் போட்டுக்கிட்டு ஏரிக்குள்ள கட்டையோட நின்னாராம். சித்தப்பா வெறுங்காலோட வந்தாராம். வெறுங்கால் ஆளாச்சேன்னு மாமா கட்டையைக் கீழ போட்டாராம். சித்தப்பா இடுப்புலேருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கிட்டு அடிச்சாராம். மாமாவோட வலது கை விரல் இன்னிக்கு வரைக்கும் மடங்காது. சோத்தை இடது கையில எடுத்துச் சாப்பிடற ஆளை ஆறு வருஷமாப் பாக்கறேன், ஏன்னு கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல. அதைப் பாத்துட்டு அவர் அண்ணன் வேணு ஓடி வந்து சித்தப்பாவை அடிச்சார். அந்த அடியிலதான் சித்தப்பா போனார்.

இத்தனை வருஷமா ஏன் சொல்லலன்னு கேட்டேன். "செத்தவனைப் பத்தி அவன் அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது"ன்னார்.

செருப்பை மாத்திட்டேன். இனிமே யாரும் அதைக் கையில கொண்டுபோக முடியாது. கழட்டினா மரத்தடியிலதான் கிடக்கும். வேணும்னா அங்க திரும்பிப் போகணும். சண்டைக்காரங்க கம்பெனிக்கு எழுதி நாறடிக்கறாங்க. சித்திரைப் பௌர்ணமி வரைக்கும் ஆள் குறையாம இருந்தா இப்படியே விடறதாச் சொல்லியிருக்காங்க. குறைஞ்சா பழையபடி ஆக்கிடுவாங்க. நான் வேலையில இருப்பேனான்னும் தெரியாது. ரேவதியைக் கூப்பிடுங்க. தெரிஞ்சவங்களை எல்லாம் கூப்பிடுங்க.

நான் இதுல பொய் எதுவும் எழுதல.

நந்தினி

*

அடி அண்ணாமலை
8.4.2025

நந்தினிக்கு,

பொய். உன் மாமன் சொன்னது பச்சைப் பொய். சரசு படிக்கறப்ப பாதியிலயே காகிதத்தைப் பிடுங்கிக் கிழிச்சேன். அவ துண்டுகளைச் சேத்து வெச்சு மிச்சத்தைப் படிச்சா. படிச்சு முடிச்சுட்டு என் மூஞ்சியைப் பாக்காம அடுப்புக்குப் போயிட்டா. அவளும் நம்பறா போல. இந்த வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு!

என் தம்பி அப்படிச் செய்யற ஆளில்ல. அவனைத் தோள்ல தூக்கி வளத்தவன் நான். கோவக்காரன்தான். குத்தகையில கீழத்தெருவு ஏமாத்திட்டாங்கன்னு வெந்துக்கிட்டிருந்தான்தான். "அண்ணா, இந்தக் கிழவன் சட்டம் நம்மளக் கட்டிப்போடத்தான்"னு காலையில கஞ்சி குடிக்கறப்ப சொன்னான்தான். அதுக்காக?

நாலு நாளா இதே நெனப்பு. இதையெல்லாம் சரசு எழுதட்டும், விடாம எழுதட்டும்.

நான் அன்னிக்கு ரேஷன் கடையில நின்னுக்கிட்டிருந்தேன். மண்ணெண்ணெய் ஊத்தற அன்னிக்கு. கத்தறாங்களேன்னு டின்னைப் போட்டுட்டு ஓடினேன். நான் போறதுக்குள்ள வேட்டியை விரிச்சு மூடிட்டாங்க. தலையிலேருந்து காலு வரைக்கும் மூடிட்டாங்க. மூஞ்சியை மட்டும் தெறந்து பாத்தேன். வேற எதையும் பாக்கல. வெறுங்காலோட இருந்தான்னு யாரோ சொன்னாங்க. யாரு சொன்னதுன்னு கேக்கறியா? எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அது மட்டும் இல்ல.

உன் ஆட்டத்துல நேத்து நடந்தேன். ரேவதி திரும்பி வந்திருக்குது, ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு. ஏரிக்குள்ள எறங்கினோம். ஒருத்தன் வெறுங்காலோட வந்தான். மூட்டையைத் தடவித் தடவிப் பாத்தான், செருப்பு இல்ல. "ச்சே, கெழவங்களுக்காக ஆட்டத்தையே கெடுத்துட்டாங்க"ன்னு திட்டினான். "போடா, மரத்தடிக்குப் போயி எடுத்துக்கிட்டு வா, நிக்கறேன்"னேன். போயி எடுத்துக்கிட்டு வந்தான். எதிர்ல நின்னு அடிச்சான். நானும் அடிச்சேன். நான்தான் விழுந்தேன். மூட்டையையும் எடுத்துக்கிட்டான். அதுல எனக்குக் கோவம் இல்ல. இப்படியே இருக்கட்டும். மாத்தச் சொன்னா மாத்தாதே.

ஆனா இந்தக் கோவம் எனக்கு ஆறல. ஒருத்தன் சொல்றான்னு என் தம்பியை நான் விட்டுத்தர முடியாது. அன்னிக்கு அங்க யார் யார் நின்னாங்கன்னு எண்ணிப் பாத்தேன். கண்ணாயிரம் பெரியவரு அடுத்த வருஷமே போயிட்டாரு. வேணு ஜெயில்லேருந்து வந்து குடிச்சே செத்தான். மதகு காக்கற ராஜேந்திரன் லாரியில அடிபட்டான். மீன் வலை பிடிச்சுக்கிட்டு நின்ன பாஞ்சாலை, அதுதான் மொதல்ல கத்தினது, கொரோனாவுல போச்சு. அதுகிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஒரே தெருவுல இருந்துக்கிட்டுக் கேக்கல.

பாத்தவன்னு இன்னும் ஒருத்தன்தான் மிச்சம். உன்கிட்டப் பேசமாட்டேன்னுதான் சொன்னேன், அவன்கிட்டப் பேசமாட்டேன்னு சொல்லல. சித்திரைப் பௌர்ணமி வரைக்கும் தெனம் காலையில ஆட்டத்துல அந்தப் புளியமரத்தடியில நிப்பேன். இடது கட்டைவிரல் போதும் நடக்கறதுக்கு. செருப்பை அங்கயே கழட்டிட்டு என்கூட நடக்கட்டும். அந்த வளைவுல நின்னு, என் காதுல விழறாப்பல, அன்னிக்குத் திருமலை காலுல இன்னா இருந்துச்சுன்னு சொல்லட்டும். பொய்யின்னா குரல்லயே எனக்குத் தெரிஞ்சுடும். நெஜம்னாலும் தெரிஞ்சுடும்.

வரச் சொல்லு அந்த ராமனை.

கைநாட்டு,
சடையன்