மணிக்குள் வைத்த துணி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் எழுத உட்கார்ந்தேன். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா? இரண்டு மாதமாக ஃபோனில் என் குரல் சரியில்லை என்கிறாய், நீ அனுப்பிய அப்பாவின் கைக்கடிகாரத்தை ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்றும் கேட்டாய். ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை கண்ணு, அதனால்தான் கடிதம்.

எதிர்வீட்டு ஒயர்மேன் தவறிப்போனதைச் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. அப்பா காலமான வருடம் ஒயர்மேன் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒயர் இழுத்து, என் சமையலறையில் ஒரு மணியும் அவர் படுக்கையறையில் ஒரு மணியும் மாட்டினாரே, நினைவிருக்கிறதா? காலை ஆறு மணிக்கு அவர் ஒரு தடவை அழுத்துவார், நான் ஒரு தடவை திருப்பி அழுத்துவேன். "தனியா இருக்கிற ரெண்டு பேருக்கும் அட்டெண்டன்ஸ், டீச்சர். சத்தம் வரலேன்னா கதவைத் தொறந்து பார்த்துடணும்" என்று அவர் சொன்னார், மாற்றுச் சாவிகளையும் மாற்றிக்கொண்டோம். பதினோரு வருடம், ஒருநாள்கூட ஆப்சென்ட் இல்லை. ஆறு மணி தாண்டி அரை நிமிடம் ஆனால் "லேட் கமர்" என்று படிக்கட்டில் கேலி செய்வேன். அந்த ஒரு சத்தத்தில் அன்றைய பொழுது எனக்கு லேசாகிவிடும்.

நீ விடுமுறைக்கு வந்து திரும்பிய வாரம் கடிகாரத்தைக் காணவில்லை. நான் இரண்டு நாள் சித்தி வீட்டில் இருந்தபோது செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவர்தான் உள்ளே வந்திருந்தார். "சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?" என்று கேட்டேன், அவ்வளவுதான் கேட்டேன். அவர் என் வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "என் வீட்டுச் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர், எனக்கு உங்கமேல சந்தேகம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் கோபத்தில் பாத்திரம் துடைக்கும் துணியில் ஒரு துண்டு கிழித்து மணிக்குள் திணித்தேன். மறுநாளும் ஆறு மணிக்கு அழுத்தினார், டொப் என்று கேட்டது. நான் திருப்பி அழுத்தவில்லை. இப்படியே பதினான்கு நாள்.

பதினைந்தாம் நாள் டொப் டொப் டொப் என்று விடாமல் கேட்டது. டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். அடிக்கட்டும், கை வலித்தால் நிறுத்துவார் என்று நினைத்தேன். நின்றுவிட்டது. மத்தியானம் வாட்ச்மேன், ஒயர்மேனைக் காலையிலிருந்து காணோமே என்று வந்து கேட்டபோது, ஒயர்மேனின் சாவி என் அலமாரியிலேயேதான் இருந்தது. நான்தான் திறந்தேன். கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தார், ஒயரில் தொங்கும் மணி சுவிட்சு கையிலேயே இருந்தது.

பத்து நாள் கழித்து உன் பார்சல். ரிப்பேர் பார்த்து என் பிறந்தநாளுக்குத் திருப்பித் தர எடுத்துப்போனதாக எழுதியிருந்தாய். இதில் உன் தப்பு ஒன்றுமே இல்லை, அதை முதலில் மனதில் போட்டுக்கொள். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நான் அவரிடம் கேட்டேன். ஒருதடவை வகுப்பில் காம்பஸ் காணோம் என்று நாற்பது பிள்ளைகளின் பையையும் சோதித்தேன். என் மேசை டிராயரிலேயே கிடந்தது. நான் மன்னிப்புக் கேட்டும் அந்த வருடம் முழுக்க அந்த வகுப்பு பழையபடி சிரிக்கவில்லை. இருந்தும் எனக்குப் பாடம் ஏறவில்லை பார்.

துணியை எடுத்துவிட்டேன். ஆனாலும் டீ கொதிக்கும்போதெல்லாம் அந்த டொப் கேட்கிறது. போன வாரம் எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் குடிவந்தாள். அடுத்த நாள் காலையில் மணி கணீரென்று அடித்தது, டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். அவள் ஓடிவந்து, "ஐயோ ஆன்ட்டி, லைட்டுன்னு நெனச்சு அமுக்கிட்டேன், பயந்துட்டீங்களா?" என்றாள். எதையும் மறைக்காமல் சொன்னேன். கீழே கிடந்த டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, "அப்ப நாளையிலேருந்து நானே அடிக்கிறேன், நீங்க பதில் அடிக்கணும், ஏமாத்தக் கூடாது" என்றாள். அன்றைக்கே என் சாவியை அவளிடம் கொடுத்தேன்.

உன் பக்கத்து வீட்டில் யார் என்று மூன்று தடவை கேட்டேன், தெரியாது என்கிறாய். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

நர்ஸ் காலையில் ஒரு தடவை அழுத்துகிறாள். நான் இரண்டு தடவை அழுத்துகிறேன். ஒன்று அவளுக்கு, இன்னொன்று ஒயர்மேனுக்கு வைத்த பாக்கி.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா