கன்னத்தில் போட்ட ஊசி

ஹேரின்,

பூசணிக் கஞ்சி அடுப்பில் இருக்கிறது. காரமான கிம்ச்சி வேண்டாம், வாய்ப்புண் எரியும். மூன்று மணிக்குச் சித்தி வருவாள். சாவி அவளிடம் இருக்கிறது. நீ அறையை விட்டு வர வேண்டாம்.

"நீ குடுத்த ஆன்டிபயாடிக்தாம்மா என் கன்னம் உப்பணும்னு ஊசில போட்ட ஜெல்லைக் கரைச்சிடுச்சு" என்று நேற்று அழுதாயே, காங்னத்தில் அந்த ஊசியைப் போட்ட டாக்டரிடம் கேட்டேன்.

"மாத்திரைய மட்டும் குத்தம் சொல்ல முடியாதும்மா. கன்னத்துல வச்ச சீழ், காய்ச்சல், சவுனா குளியல் சூடு, எதுவேணா அந்த ஹையலூரோனிக் அமில ஜெல்லைக் கரைச்சிருக்கலாம். இனி ஊசி போட்டா ஆபத்து" என்றார்.

திங்கட்கிழமை வேலை நேர்காணலுக்கு நீ வரமாட்டாய் என்று கம்பெனியில் சொல்லிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை.

அம்மா

பி.கு.: டாக்டரிடம் ஒன்றைச் சொல்லவில்லை. "இந்த ஒட்டுன கன்னத்துக்கு யாருடி வேலை குடுப்பா?" என்று கேட்டு உன்னை அங்கே அனுப்பியதே நான்தான்.