வலப்பக்கக் கொட்டில்

4-5-1987
குட்டிகளைத் தாய்ப்பன்றியிடமிருந்து பிரித்தோம். பன்னிரண்டு. இடப்பக்கக் கொட்டிலில் ஆறு, வலப்பக்கத்தில் ஆறு. தீனி இரண்டுக்கும் ஒன்றேதான் - சோளம், தவிடு, கடலைப் பிண்ணாக்கு. இடப்பக்கத்துக்கு மட்டும் என் பொடி சேரும். மாதுளம் தோல், கொய்யா இலை, மஞ்சள், எல்லாம் நிழலில் காயவைத்து இடித்தது. பால் மறந்ததும் வரும் கழிச்சலை இது தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். போன ஈற்றில் பத்துக் குட்டிக்கு ஏழு போயிற்று.

சோதனை சுத்தமாக நடந்தால் தன் கட்டுரையில் என் பெயரையும் போடுவதாகக் கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் எழுதியிருக்கிறார். அந்தக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் சேர்வராயன் மலையில் கரடியூர்ப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஆனவன் நான். ஆசை இருக்கிறது. மறைப்பானேன்?

5-5
பன்றிகளைப் பார்த்துக்கொள்ளும் அத்தாயியிடம் மூன்று முறை சொன்னேன், வலப்பக்கத்துக்குப் பொடி கிடையாது என்று. ஏன் என்றாள். பொடி தின்னாதவை கழிந்தால்தான் பொடியின் அருமை தெரியும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரிங்க என்றாள்.

9-5
இரண்டு பக்கமும் கழிச்சல் இல்லை.

12-5
இன்றும் இல்லை. போன ஈற்றில் இந்நேரம் பாதி படுத்துவிட்டன. வலப்பக்கம் ஏன் கழியவில்லை? குட்டிகள் நன்றாக இருப்பதைப் பார்த்து எரிச்சல்படுகிற ஆள் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பொடி டப்பா வேறு சீக்கிரம் இறங்குகிறது. எடை போட்டதில் பிசகிவிட்டேனோ?

14-5
சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அத்தாயி காப்புக் கட்டிக்கொண்டாள். காப்பு அவிழ்க்கும்வரை பன்றிக் கொட்டிலில் கால் வைக்கக் கூடாதாம், அவர்கள் வீட்டு வழக்கம். ஒரு வாரம் நானே தீனி வைக்க வேண்டும். போகும்போது, ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி பார்த்துக்கொள்ளச் சொன்னாள். தலையாட்டி வைத்தேன்.

17-5
வலப்பக்கம் இரண்டு கழிகின்றன. வெள்ளையாக, தண்ணீராக. இடப்பக்கம் சுத்தம்.

மனசு துள்ளியது. எழுதிவைக்கிறேன் - துள்ளியது.

18-5
நான்கு. பின்புறமெல்லாம் நனைந்து, முதுகு கூனி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இப்போது பொடி கொடுத்தால் சோதனை கெட்டுப்போகும். உப்புத் தண்ணீர் மட்டும் வைத்தேன்.

19-5
ஒன்று செத்தது.

20-5
இன்னும் இரண்டு.

21-5
காப்பு அவிழ்த்துவிட்டு அத்தாயி வந்தாள். வலப்பக்கம் நின்று எண்ணினாள். மூன்றுதான். பிறகு அவளாகவே சொன்னாள். முதல் நாளிலிருந்தே வலப்பக்கத்துக்கும் தினம் ஒரு கைப்பிடி பொடி போட்டு வந்திருக்கிறாள்.

"ஒரே வயித்துல பொறந்ததுங்க. அதுக்கு ஒண்ணு இதுக்கு ஒண்ணுன்னு எப்பிடிங்க வெக்கறது?"

கத்தினேன். இத்தனை நாள் பாடும் பாழ், என் பேரு போச்சு, உனக்கு என்ன தெரியும்னு என்னென்னவோ. வாய்க்கு வந்ததெல்லாம். நான் ஓய்ந்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, பொடி டப்பாவக் கையில வெச்சுக்கிட்டா அதுங்க மூணும் சாவறதப் பாத்துக்கிட்டு நின்னீங்க?"

வெட்கமாக இருந்தது. மீதி மூன்றுக்கும் பொடியைக் கஞ்சியில் கரைத்து ஊற்றினாள். தடுக்கவில்லை.

2-6
மூன்றும் பிழைத்துவிட்டன. நடந்ததை ஒன்றுவிடாமல் பேராசிரியருக்கு எழுதினேன். அத்தாயி என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

19-6
பதில் வந்தது. பொடி நின்றதும் கழிச்சல் கண்டது நல்ல அறிகுறியாம், ஆனால் அச்சில் போட அது போதாதாம். அடுத்த ஈற்றை இரண்டாகப் பிரித்து, நம்பகமான ஆளை வைத்து, மறுபடி செய்ய வேண்டும். செய்தால் என் பெயர் நிச்சயம் என்று அடிக்கோடிட்டிருக்கிறார். நாலு தடவை படித்தேன்.

11-8
இன்னொரு பன்றியின் குட்டிகளைப் பிரித்தோம். பதினொன்று. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து. எல்லாவற்றுக்கும் பொடி போடச் சொல்லிவிட்டேன்.

பிற்பகல் பேராசிரியருக்குக் கார்டு எழுதி ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் தபால் பெட்டியில் போட்டேன். எங்கள் எஸ்டேட்டில் இப்போது ஒரே கொட்டில்தான் இருக்கிறது, குட்டிகளைப் பிரித்து வைக்க வழியில்லை, மன்னிக்கவும்.