யார் நெஞ்சு உயரம்?

மார்ச் 3

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அம்மாவிடம் கொடுக்காதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம்.

அப்பாவுக்கு நகராட்சியில் மரப் பிரிவில் வேலை. தெருவோரம் வளர்ந்து நிற்பதையெல்லாம் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு ஐம்பது சென்டிமீட்டர் இருந்தால் மரம். அனுமதியில்லாமல் தொட முடியாது. குறைந்தால் புதர். வெட்டிவிடலாம்.

போன மாதம் அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு. மருத்துவமனைச் சாலையில் நான்தான் டேப்பைப் பிடித்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். "நெஞ்சு உயரத்துல பிடிம்மா" என்றார். பிடித்தேன். என் நெஞ்சு உயரத்தில்.

இன்று அந்தச் சாலையில் கட்டில் கடை வைத்திருப்பவர் வீட்டுக்கே வந்துவிட்டார். கடை போர்டை மறைக்கும் செடியை வெட்ட விடவில்லையாம். "நேத்து வரைக்கும் புதரு. உங்க கையெழுத்து பட்டதும் மரமாயிடுச்சா சார்?"

"நெஞ்சு உயரத்துல அளக்கணுங்க. இங்க" என்று அப்பா சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பை என் நெற்றிக்கு நேரே இருந்தது. கீழே போகப் போகத் தண்டு பருமனாகத்தானே இருக்கும்?

மார்ச் 4

சாப்பிடவில்லை. பரீட்சை பயம் என்று அம்மா நினைக்கிறாள். நினைக்கட்டும்.

மார்ச் 6

டேப்பை எடுத்துக்கொண்டு பள்ளி விட்டதும் போனேன். கடை வாசல் செடியை என் நெஞ்சுக்கு நேரே அளந்தால் ஐம்பத்து மூன்று. நெற்றிக்கு நேரே நாற்பத்தாறு. மறுபடியும் நாற்பத்தாறு.

கடைக்காரர் பார்த்துவிட்டார். "என்ன பாப்பா, செடிக்குப் பாவாடை தைக்கப் போறியா?"

ஓடி வந்துவிட்டேன். அந்தச் சாலையில் அன்று ஐம்பதைக் கொஞ்சமே தாண்டிய பதினொரு செடிகளும் இப்படித்தான் மரமாகியிருக்கும். என்னால்.

மார்ச் 7

கடைக்காரர் புகார் கொடுத்துவிட்டார். நாளை மறுநாள் மேலதிகாரி வந்து அளப்பாராம். பொய்யாக எழுதியது என்று ஆனால் அப்பாவுக்கு வேலை போய்விடும்.

"நீங்கதானே அளந்தீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"நான்தான்" என்றார், தட்டைப் பார்த்தபடி. என் பக்கம் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை? தெரிந்துவிட்டதோ?

சொல்லிடணும். ஆனா எப்படிச் சொல்றது? நான் சொன்னா, அப்பா அம்மாகிட்ட பொய் சொன்னதும் வெளிய வந்துடுமே—

மார்ச் 8

சொல்லவில்லை. டேப் இன்னும் என் தலையணை உறைக்குள். திருப்பி வைக்கப் போய், பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

மார்ச் 9

அப்பா சிரித்துக்கொண்டே வந்தார்.

மேலதிகாரி ஒரு அம்மாவாம். "நம்ம பொண்ணு உயரம்தான் இருப்பாங்க. அவங்க நெஞ்சுக்கு நேராப் பிடிச்சாங்க. ஐம்பத்திரண்டு. கடைக்காரர் கடைக்குள்ள போயிட்டார்."

எனக்கு மூச்சு வந்தது.

"அப்புறம் அவங்களே நின்னு யோசிச்சாங்க. 'ஆமா, நெஞ்சு உயரம்னா யார் நெஞ்சு?'ன்னு கேட்டாங்க." இதைச் சொல்லும்போது அப்பா என் உச்சந்தலையைப் பார்த்தார்.

இனி தரையிலிருந்து நூற்று முப்பது சென்டிமீட்டர் என்று விதியிலேயே எழுதப்போகிறார்களாம். நாளைக்கே அந்தச் சாலையை மறுபடி அளக்க வேண்டும்.

அப்பா தப்பித்தார். பதினொரு செடிகளும் நாளை புதர். அதற்கு யாரிடம் போய் அழுவது?

காலடிச் சத்தம். அப்பா கதவைத் தட்டுகிறார்.

"முழிச்சுதானே இருக்க? தலையணைக்குள்ள இருக்கிற டேப்பை வெளிய எடுத்து வை. காலையில போகணும். இந்தத் தடவ நீ ஏறி நிக்க முக்காலியும்—"