நொஹெமி மூச்சை அடக்கிய நாள்

அன்புள்ள அம்மாவுக்கு, சான் பெட்ரோவிலிருந்து டெல்மீரா எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நானும் நொஹெமியும் நலம். அவளுக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். அவள் வயிற்றில் இருந்தபோது தையல் ஆலை மேற்பார்வையாளர் தினமும் என் பின்னால் நின்று திட்டுவார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தைப்பேன். மத்தியானம் வெறும் காப்பிதான் உள்ளே இறங்கும்.

செவ்வாய்க்கிழமை விடுப்புத் தாள் கொடுக்க அவளோடு ஆலைக்குப் போனேன். அழுதுகொண்டே வந்தாள். எங்கள் பின்னாலிருந்து அந்த மேற்பார்வையாளர், "பொண்ணா? அழகா இருக்காளே" என்று அன்பாகத்தான் சொன்னார். பிறந்த பின் அவள் கேட்டிராத குரல். சட்டென்று அழுகை நின்றது. கைகளை இறுக்கி, என்னைப் போலவே மூச்சை அடக்கிக்கொண்டாள். அவர் நகரும்வரை விடவில்லை. உதடு வெளுத்துவிட்டது.

மறுநாள் அவளை மருத்துவமனைக்குத் தூக்கிப்போய் நடந்ததைச் சொன்னேன். நர்ஸ் எவுலாலியா எடை பார்த்து, குறைவு என்றுவிட்டு, "வயித்துக்குள்ளயே கேட்டுப் பழகியிருக்கா, மகளே. அப்ப சாப்பாடும் பத்தல. இனிமே நீ நல்லாச் சாப்பிடு, சிரி. அவளும் கத்துக்குவா" என்றாள்.

அந்த வேலையை விட்டு ரொட்டிக்கடையில் சேர்ந்துவிட்டேன். அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். சிவப்பு பீன்ஸும் பாலாடைக்கட்டியும் பஸ்காரரிடம் கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் நீங்களே கொண்டு வாருங்கள். இங்கே சேர்ந்து சிரிக்க ஆளில்லை.

இதோ, பசிக்கு அழுகிறாள். தெருவே கேட்கும்படி அழுகிறாள். கேட்க நன்றாக இருக்கிறது. போகிறேன்.

டெல்மீரா