உன்னைக் கொன்றது அந்தத் தழும்பு இல்லை

இன்று காலையில் பட்டறையில் புது இலவம்பஞ்சு மூட்டையைப் பிரித்தார்கள். காய்ந்த நெற்றும் தூசியும் வெயிலும் கலந்த அந்த வாடை வந்தது. மற்றவர்கள் தும்மினார்கள். எனக்கு முதலில் உன் மேல் கோபம் வந்தது, பிறகு ஊர் மேல். உன் மேல் வந்தது மத்தியானத்துக்குள் போய்விட்டது. ஊர் மேல் வந்தது போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு என்ன எழுத வருமோ அதுதான் வரும்.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம் இந்தப் பஞ்சில்தான் ஒரு கைப்பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். பேட்டைப் பட்டறையில் நாள் முழுக்கத் தலையணை தைக்கிறவளுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒன்று தைக்கத் தெரியாதா என்ன. மல் துணியில் தைத்து உன் உள்ளாடையில் இடது பக்கம் வைத்துக் கொடுத்தேன். கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாய்.

"எம்மா, தலையணையக் கட்டிக்கிட்டு காலேஜுக்குப் போற மொத ஆளு நாந்தான்."

இரண்டு பேரும் சிரித்தோம். மத்தியானத்துக்குள் அது வியர்வையில் ஊறிக் கட்டியாகி அக்குளுக்கு நகர்ந்துவிட்டதாம். சாயங்காலம் வந்ததும் மூலையில் எறிந்தாய். அப்போது சிரிக்கவில்லை.

உனக்கு வலது மார்பு நன்றாக வளர்ந்திருந்தது. இடது பக்கம் வளர மறந்துபோயிருந்தது. விஷயம் அவ்வளவுதான். அதற்கு நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். துப்பட்டாவுக்கு நாலு ஊக்கு. இடது தோளை எப்போதும் முன்னால் சாய்த்து ஒரு நடை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் பையை மடியில் இறக்க மாட்டாய், நெஞ்சோடு அணைத்தே வைத்திருப்பாய். உன் அப்பா இருந்திருந்தால் அவரிடமும் சொல்லியிருக்க முடியாது. நீயும் நானும் மட்டும் வைத்திருந்த விஷயம் அது.

டவுனில் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் நீதான் பேச்சை எடுத்தாய்.

"பாளையங்கோட்டையில ஒரு டாக்டரம்மா இருக்காவளாம். போயிக் கேட்டுட்டு வருவோம்."

"ஒனக்கு என்ன கோட்டியாட்டி? நல்லா இருக்க ஒடம்ப வெட்டக் குடுக்கவா போற?"

"செய்யணுமா வேண்டாமாங்கது பொறவு. கேக்கவாவது விடேம்மா."

விட்டேன். கூடவும் வந்தேன். டாக்டரம்மா உன்னைப் பார்த்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இது நோய் இல்லம்மா. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல யாருக்கும் இருக்காது. ஒங்க மகளுக்கு வித்தியாசம் கூடுதல், அவ்வளவுதான். செய்யாட்டாலும் உயிருக்கு ஒண்ணும் ஆகாது. செய்யணும்னா வளர்ச்சி நின்னபிறகு செய்யணும், அந்த வயசு வந்துட்டு."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். சின்னப் பக்கத்துக்குள் சிலிக்கான் பை வைக்கலாம், ஆனால் அது ஆயுசுக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது, என்றைக்காவது எடுத்து மாற்ற வேண்டி வரலாம். பெரிய பக்கத்தைக் குறைக்கலாம், அதில் தழும்பு விழும், பின்னால் பால் குறையவும் கூடும். தொடையிலிருந்து கொழுப்பை எடுத்துச் சின்னப் பக்கத்தில் நிரப்பலாம், அதில் கொஞ்சம் கரைந்துபோகும், மறுபடியும் நிரப்ப வேண்டி வரும். ஒன்றுமே செய்யாமல் அளவெடுத்துச் செய்த பேடு வைத்துக்கொண்டும் இருக்கலாம். "ஒங்க பஞ்சவிட நல்லா இருக்கும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அதையும் சொல்லி வைத்திருந்தாய்.

நான் பால் குறையும் என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். "பிள்ளைக்குப் பால் குடுக்க முடியாமப் போயிருமா?" என்று கேட்டேன்.

"எம்மா, மாப்பிள்ள யாருன்னே தெரியல. அதுக்குள்ள பிள்ளைக்குப் பசிக்குதாக்கும்" என்றாய். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். நான் விடாமல், நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அவ ஒடம்பு. அவ சொல்லட்டும்."

நீ உடனே சொல்லவில்லை. பல நாள் யோசித்துவிட்டு, பை வேண்டாம், மாற்றிக்கொண்டே கிடக்க முடியாது என்றாய். வலதைக் கொஞ்சம் குறைத்து இடதைக் கொழுப்பால் நிரப்பினார்கள். சொன்னதுபோலவே இரண்டாவது தடவையும் நிரப்ப வேண்டி வந்தது. அக்கம்பக்கத்தில் குடல்வால் ஆப்பரேஷன் என்று சொல்லச் சொன்னாய். ஒருத்தரிடமும் உண்மையைச் சொல்லக் கூடாது என்று உன் தலையில் என்னை அடிக்கவைத்துச் சத்தியம் வாங்கினாய்.

ஆறி எழுந்தபிறகு ஒரு நாள் ஜங்ஷனுக்குப் பஸ்ஸில் போனோம். நீ பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்தாய். உனக்கு அது நினைவில் இருந்திருக்காது. எனக்கு இருக்கிறது. இரண்டு வருஷம் நிமிர்ந்து நடந்தாய்.

அப்புறம் போன வருஷ மழை. நம் வாசலில் சாக்கடை அடைத்து, தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. நானும் சொல்லாத ஆள் இல்லை. தெருவில் இன்னும் சில வீடுகளில் காய்ச்சல். உனக்கு டெங்கு என்றார்கள். ரத்தத்தில் தட்டணு இறங்குகிறது என்றார்கள். அது இறங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உன் உடம்பில் சூடு இல்லை.

நீர்மாலைத் தண்ணீர் வந்தது. பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள உன்னைக் குளிப்பாட்டினோம். ராதாபுரத்திலிருந்து வந்த உன் அத்தை பேச்சிதான் தண்ணீர் ஊற்றினாள். வலது மார்புக்குக் கீழே வந்ததும் அவள் கை நின்றது.

"மதினி, இது என்ன தழும்பு?"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். செத்துக் கிடக்கிற பிள்ளையை அப்படிக் குனிந்து பார்த்தார்கள். சத்தியம் வாங்கிய நீ என் கையில் நனைந்து கிடந்தாய். நான் யாரிடம் போய் உத்தரவு கேட்பது? உன் மேல் வந்த கோபம் அதுதான். பூட்டை என் வாயில் போட்டுவிட்டுச் சாவியோடு போய்விட்டாய்.

பதினாறாம் நாளுக்குள் ஊரே முடிவு செய்துவிட்டது. "மாருல கத்தி வச்சாளாம், உள்ள சீழ் புடிச்சிக் காய்ச்சலா ஏறிட்டாம்." "அழகுக்கு ஆசப்பட்டு உசுர விட்டுட்டா." என் காதுபடவே சொன்னார்கள். வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சாக்கடையைத் தாண்டித்தான் வந்தார்கள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டி, உள்ளே வந்து உட்கார்ந்து, காலில் கடித்த கொசுவை அடித்துக்கொண்டே உன் நெஞ்சைப் பற்றிப் பேசினார்கள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

போன மாதம் உனக்கு வருஷத் தெவசம். பேச்சி தன் மகள் கோமதியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கோமதி இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு படியேறினாள். எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுப்படியில் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்.

"அத்த, அக்கா நெசமாவே அந்த ஆப்பரேசன்லதான் செத்தாளா?"

அதற்குள் பேச்சி வந்துவிட்டாள். "ஏளா, அங்கன என்ன பேச்சு? மதினி, இவளும் டாக்டர்ட்ட போணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. ஒங்க மக கதியப் பாத்தோம்லா. அது போதும்னு நீங்களே சொல்லுங்க."

கூடத்தில் இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன்.

"ஆமா பேச்சி, செஞ்சா. நாந்தான் கூட இருந்தேன். செஞ்சி ரெண்டு வருசம் ராணி மாதிரி இருந்தா. அவளக் கொன்னது கொசு. வாசல்ல கெடக்குலா சாக்கடை, சேலைல படாமத் தாண்டி வந்தியே, அதுல பொறந்த கொசு. இங்க உக்காந்திருக்க அத்தன பேரும் அதத்தான் தாண்டி வந்திய."

"தெவசத்தன்னைக்கு இப்படியா பேசுவாவ" என்றது ஒரு குரல்.

"இன்னைக்குப் பேசாம வேற என்னைக்குப் பேச?"

பேச்சி இலையில் உட்காரவே இல்லை. "எம் மகளுக்கு நாந்தான் அம்மா, ஆமா" என்றாள்.

"அதனாலதான் சொல்லுதேன். நீயே கூட்டிட்டு வா. கேக்கவாவது விடு அவள."

அவள் வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். கோமதி எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, இலையை மடித்துவிட்டுத்தான் போனாள்.

இனி பேச்சி வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்றுதான் நினைத்தேன். போன வாரம் பேச்சி மகளோடு பஸ் ஏறி வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று பேரும் பாளையங்கோட்டைக்குப் போனோம். டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்கம்மா. ஒங்க மக எப்படி இருக்கா? ஆளையே காணோம்?"

"காய்ச்சல்ல போயிட்டா" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "என்ன காய்ச்சல்?"

ஒரு வருஷமாயிற்று. துட்டி கேட்டு, துக்கம் விசாரிக்க எத்தனை பேர் வந்தார்கள். ஒருத்தர்கூட என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டெங்கு" என்றேன். எங்கே சேர்த்தீர்கள், எத்தனை நாள் தாமதம் ஆயிற்று என்று அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். ஆப்பரேஷனைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை. பேச்சி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டரம்மா கோமதியைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார்.

கோமதி செய்வாளோ, பேடோடு விட்டுவிடுவாளோ, அது அவள் பாடு. நான் கேட்கவில்லை.

உன் சத்தியத்தை உடைத்துவிட்டேன். நீ கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள், அதை நான் வைத்துக்கொள்கிறேன். என் கோபத்தையும் வைத்துக்கொள்கிறேன். மறந்துவிடு, இறக்கி வை என்கிறார்கள். இறக்கிவைத்தால் நீ அழகுக்குச் செத்தவள் ஆகிவிடுவாய். இனி உன் பேர் எங்கே அடிபட்டாலும் எந்தக் காய்ச்சல் என்று சொல்லாமல் நான் நகரப் போவதில்லை. கேட்டவர்களுக்கும் சொல்லுவேன். கேட்காதவர்களை நிறுத்திவைத்துச் சொல்லுவேன்.