சுவரொட்டியில் இல்லாத கார்சியா

மே 12

ரொட்டிக் கடைச் சுவரில் என் மகனின் தேர்தல் சுவரொட்டி. ஆளுயரப் படம், பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில்: இஞிகோ அராங்குரென் - மேயர் வேட்பாளர்.

அராங்குரென் என் மனைவி வீட்டுப் பெயர். அவன் பிறந்தபோது நானே போய்ப் பதிந்தது இஞிகோ கார்சியா அராங்குரென். எங்கள் நாட்டு வழக்கம் அது: முதலில் அப்பா வழிப் பெயர், அடுத்தது அம்மா வழி. சுருக்கினால் பின்னதைத்தான் விடுவோம். இவன் முன்னதை வெட்டியிருக்கிறான். என்னை வெட்டியிருக்கிறான். ரொட்டி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

மே 13

போனில் கேட்டேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னான்: "தெருவுக்கு நாலு கார்சியா இருக்காங்கப்பா. யாருக்கு மனசுல நிக்கும்? அராங்குரென்னா ஊருக்கே தெரியும்."

தெரியாதா பின்னே? நோட்டரி அராங்குரென், என் மாமனார். ரயில் பட்டறையில் பிரேக் கழற்றி மாட்டும் கை என்பதால் எனக்குக் கடைசி வரை கைகொடுக்காத மனிதர். மற்ற மருமகனை "மகனே" என்பார். என்னை "கார்சியா, அந்தக் கதவைச் சாத்து" என்பார். அந்த ஆளின் பெயர் இப்போது என் மகன் முகத்துக்குக் கீழே.

மே 14

என் மனைவி அமாயாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "எங்கப்பா பேருக்கு இந்த ஊர்ல மதிப்பு இருந்தா, அதுக்கு நான் என்னங்க பண்றது?" என்கிறாள். முகத்தில் பெருமை வழிகிறது. பருப்பு சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். நாற்பத்தோரு வருடக் குடித்தனம். சீ.

மே 19

ஊரில் முப்பத்தெட்டு சுவரொட்டிகள். நடந்து போய் எண்ணினேன். எனக்கும் வெட்கமில்லை.

மே 22

சீட்டாட்டத்தில் சத்தூரியோ, பட்டறைக் கூட்டாளி, சீட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டான்: "என்ன எலாதியோ, பையன் உன் மாமனார் வீட்டுக்கே தத்துப் போயிட்டானா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மே 28

காலையில் கோபம் தணிந்திருந்தது. பெற்ற பிள்ளைதானே! அவன் பெயர் அச்சிட்ட வாக்குச்சீட்டை வீட்டிலேயே உறையில் போட்டுக்கொண்டு, ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால் அவனே நின்றான், புகைப்படக்காரர்கள் சூழ.

இந்த முறை குலுக்கலில் வாக்குச்சாவடித் தலைவியானது மீன்கடை ரெமெதியோஸ். கடையில் விலை சொல்லும் அதே குரலில் அடையாள அட்டையை வாசித்தாள்: "இஞிகோ கார்சியா அராங்குரென்." நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த ஒரு மேஜையிலாவது சட்டம் என் பெயரைச் சொல்ல வைக்கிறதே என்று நினைத்தேன்.

ஒரு நிருபர் பேனாவும் கையுமாக, "கார்சியாவா?" என்றார்.

அவன் சிரித்தான். "அதெல்லாம் எழுதாதீங்க. அது சும்மா காகிதத்துல இருக்கிற பேரு."

நான் பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியும். திரும்பி எனக்குக் கையும் அசைத்தான்.

காகிதத்தில் இருக்கிற பேரு! அந்தப் பெயரில் வந்த சம்பளத்தில்தானடா உன்னைச் சட்டம் படிக்க வைத்தேன்? வரிசையை விட்டு விலகி, திரை மறைவுக்குள் போய், உறையிலிருந்து அவன் சீட்டை எடுத்துக் கசக்கினேன். "எலாதியோ கார்சியா சான்ஸ்" என்று ரெமெதியோஸ் வாசிக்க, வெறும் உறையைப் பெட்டியில் போட்டேன்.

மே 29

பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டான். அமாயா ஆனந்தத்தில் அழுகிறாள். என் ஓட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லத் தயாராக இருந்தேன்.

ஜூன் 26

சுகாதார நிலையம். முழங்கால் வீங்கிவிட்டது. எனக்கு முன்னால் பதினான்கு பேர், சத்தூரியோவும் அவர்களில் ஒருவன். உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

புதிதாக வந்திருக்கும் நர்ஸ் கதவைத் திறந்து, நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அராங்குரென் ஐயா, நீங்க உள்ள வாங்க. மேயரோட அப்பாவை இப்படிக் காக்க வைக்கலாமா?"

என் பெயர் அது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தூரியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்து உள்ளே போனேன். டாக்டரும் அப்படித்தான் கூப்பிட்டார். அவரிடமும் திருத்தவில்லை.